பின்னாலிருந்து வந்த ஈரம்

ஜூன் 12

அண்ணா,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, பார்சலை மட்டும் அண்ணியிடம் கொடுத்துவிடு.

உன் மகள் வாண்டின் பிறந்தநாள் அன்று, அத்தனை பேர் கேக் வெட்டக் காத்துக்கொண்டிருந்தபோது, "இந்த வீட்டுல மனுஷங்க இருக்கலாமா?" என்று நான் கேட்டது தப்பு. ஜன்னல் கம்பியிலிருந்து மாடிப்படி வரை நீயே வெல்டிங் செய்து கட்டிய வீடு அது. கேட்ட இடம் தப்பு, கேட்ட விதமும் தப்பு. கேள்வி தப்பில்லை.

உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கல் சுவரின் விரிசலில் அன்றைக்கு என் சுண்டுவிரல் நுழைந்தது. போன வருஷம் நகம்கூட நுழையவில்லை. மூடிப்போன ஆலையின் மேட்டு மண் முழுவதும் அந்தச் சுவரின் முதுகில்தான் சாய்ந்திருக்கிறது. சுவருக்கும் வாண்டின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பார்சலில் இரண்டு பாட்டில் இருக்கிறது. இதைத்தான் இத்தனை வருஷமாக நான் ஆய்வகத்தில் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு வெள்ளைப் பொடிகள். தனித்தனியாக உப்பு மாதிரிக் கிடக்கும். சேர்த்து லேசாகச் சூடுகாட்டிக் கிண்டினால் ஒன்றையொன்று உருக்கித் தெளிந்த திரவமாகிவிடும், ஆறினாலும் திரும்பப் பொடியாகாது. யூடெக்டிக் கலவை என்போம். முதல் பாட்டிலில் இருப்பது அது. இரண்டாவது பாட்டிலில் இருப்பது அதை உறையவைக்கும் சாறு. ஊசிக்குழாயில் இரண்டையும் சேர்த்து விரிசலின் குறுக்கே பட்டையாகப் பூசு. ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ஜெல்லாகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வேகமாகப் பூச வேண்டும். பூசும்போதே இரண்டு முனையிலும் செம்புக் கம்பியைச் சொருகிவிடு.

அந்த ஜெல்லுக்குள் அயனிகள் ஓடும், அதனால் மின்சாரம் ஓடும். விரிசல் அகன்றால் ஜெல் இழுபடும், நீண்டு மெலியும், மின்தடை கூடும். உன் பட்டறை மீட்டரை வைத்தாலே எண் தெரியும். வெயில் மழை படாமல் முன்பக்கம் டேப் ஒட்டிவிடு. காலையில் குளிருக்கு எண் கொஞ்சம் ஏறி, மதியம் இறங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மதியத்துக்கு மதியம் ஒப்பிட்டுப் பார். எண் ஏறினால் எனக்குச் சொல். இறங்கினால் நிம்மதியாகத் தூங்கு.

உன் தங்கை


ஜூன் 21

குட்டி,

பார்சலை உன் அண்ணி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "ஒட்டிட்டு வந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். ஒட்டிவிட்டேன்.

நெருப்பு வைத்து ஒட்டுகிறவன் நான். சூடும் இல்லாமல், புகையும் இல்லாமல், ஊசிக்குழாயை எடுப்பதற்குள் அது கட்டிக்கொண்டதைப் பார்த்து ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டேன். முதல் தடவை கம்பி சொருகுவதற்குள் உறைந்துபோய், பிய்த்துப் போட்டுவிட்டு இரண்டாம் தடவை பூசினேன். விரலில் ஒட்டியதை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. வாண்டு அதைப் பிடுங்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டாள். இப்போது வரிசை வீடு முழுக்க, "வெல்டரோட தங்கச்சி சுவருக்கு பிளாஸ்திரி அனுப்பிருக்கா" என்று ஒரே சிரிப்பு.

மதியம் மீட்டரில் பார்த்தால் நாற்பது. மறுநாளும் நாற்பது. உன் பயத்துக்கு மருந்து போட்டாயிற்று. அன்றைக்கு உன்னோடு பேச மாட்டேன் என்று சொன்னது அப்படியேதான் இருக்கிறது. இது எழுத்து.

அண்ணன்


ஜூலை 14

குட்டி,

நீ பதில் போடுவதற்குள் நானே எழுதுகிறேன். நாற்பது, நாற்பத்தி நாலு ஆயிற்று. போன வாரம் ஐம்பதைத் தாண்டியது. நேற்று மதியம் ஐம்பத்தேழு. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பட்டறையிலிருந்து வேறொன்று கொண்டுவந்து வைத்தேன். அதுவும் அதையேதான் சொல்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதன் தினமும் மதியம் சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சந்துக்குள் போய் முகம் கறுத்து வெளியே வந்தால் ஜனங்களுக்குப் புரியாதா? கடைசி வீட்டுத் தையல்காரர் வந்து நேராகக் கேட்டுவிட்டார். அவர் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருப்பது உனக்குத் தெரியும். "எனக்கு ஓடறதுக்குக் கால் இருக்கு தம்பி, அவளுக்கு இல்ல. உள்ளதச் சொல்லு" என்றார். சொன்னேன். மறுநாளே மனைவியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வீட்டைக் காலி செய்யவைக்க நானும் நீயும் சேர்ந்து கட்டிய கதை என்று ஒரு பேச்சு. நகராட்சி ஆள் ஒருவர் வந்தார். சுவரைக் குடைக்காம்பால் தட்டினார். "கல்லு கெட்டியாத்தான இருக்கு?" என்று என்னையே கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வாண்டை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். ஏன் என்று கேட்டாள். பின்னறையில் கொசு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

என்ன செய்யலாம், சொல்.

அண்ணன்


ஜூலை 20

அண்ணா,

கிளம்பு. அண்ணியையும் வாண்டையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்றில் புத்தகம்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை எங்கள் துறைத் தலைவரிடம் காட்டினேன். அவருக்கு முதலில் வந்தது கோபம். "வெளிய சோதிக்காத பொருள உங்க வீட்டுக்கு எதுக்கு அனுப்புனீங்க?" என்றார். அது நியாயமான கேள்விதான். ஆனால் எண்களைப் பார்த்ததும் கோபம் போய் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, வேலை செய்யுது!" என்கிறார். எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவருக்கு அது ஒரு வளைகோடு. எனக்கு அது உன் சந்து.

நகராட்சிக்கு நானே எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. திரும்ப எழுதுவேன். நீ மட்டும் அங்கே இருக்காதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 3

குட்டி,

பயந்து செத்ததெல்லாம் வீண். எண் இறங்கிவிட்டது!

நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம், பொய் சொல்லவில்லை. உன் அண்ணி பாத்திரத்தைக்கூடப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அப்போதுதான் மழை பிடித்தது. முதல் நாள் மழையில் எனக்கு உயிரே இல்லை. மீட்டரைப் பார்க்கக் கை வரவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பார்த்தால் ஐம்பது. மறுநாள் நாற்பத்தொன்று. இன்றைக்கு முப்பத்து மூன்று! ஆரம்பித்த இடத்துக்கும் கீழே! ஈரத்தில் மண் உப்பி விரிசலை நெருக்கிவிட்டது என்று நினைக்கிறேன். நீதானே எழுதினாய், இறங்கினால் நிம்மதியாகத் தூங்கு என்று. நேற்று அப்படித் தூங்கினேன். உன் அண்ணி எழுப்பி எழுப்பிப் பார்த்தாளாம்.

வரிசை வீடு முழுக்கக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன். என்னைத் திட்டினவர்களே தோளில் தட்டினார்கள். தையல்காரருக்கும் ஆள் அனுப்பினேன். மகள் வீட்டில் அவர் மனைவிக்குச் சரியான இடம் இல்லை, நடைவழியில் படுக்க வைத்திருந்தார்கள், பாவம். நானே வண்டி வைத்துக் கூட்டிவந்து அவர்கள் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "நல்லா இருப்பா" என்றார்.

மழை விட்டதும் ஒருநாள் வந்து போ. பேசவே மாட்டேன் என்றெல்லாம் இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அண்ணா,

எல்லோரையும் வெளியே கொண்டுபோ. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போ. மீதியை அப்புறம் படி.

உன் போனுக்கு எத்தனையோ தடவை அடித்துவிட்டேன். உங்கள் பகுதிக்கே இணைப்பு இல்லையாம். நகராட்சி அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற பார்சல் வேன் ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மேட்டுப் பாதையில் சுற்றிப் போவாராம். நான் அடுத்த பேருந்தில் வருகிறேன். பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். எப்போது வந்து சேர்வேன் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்து முதலில் நானும் சிரித்தேன். பிறகு ஏதோ நெருடியது. கல் சுவரில் விட்ட விரிசல் தானாக மூடுமா? ஆய்வகத்தில் ஒரு ஜெல் பட்டையை எடுத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். முன்பக்கம் டேப், நீ ஒட்டியிருப்பது போலவே. பின்பக்கம் ஈரத்துணியை வைத்தேன். இழுத்த நிலையிலேயே எண் இறங்க ஆரம்பித்தது. இன்னும் இழுத்தேன். அப்போதும் இறங்கியது. அறுந்துபோகிற அளவுக்கு இழுத்தபோதும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

இந்த ஜெல் ஈரத்தைக் குடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அது காய்ந்துபோகாது என்று பெருமையடித்துக்கொண்டோம். நாங்கள் சோதித்ததெல்லாம் ஏசி அறையில். தண்ணீர் குடித்தால் அயனிகள் சுலபமாக ஓடும், மின்தடை இறங்கும். விரிசல் எவ்வளவு அகன்றாலும் அதை மறைத்துவிடும்.

முன்பக்கம் நீ மூடிவிட்டாய். அப்படியென்றால் அது பின்னாலிருந்து குடிக்கிறது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது அண்ணா. எண் இறங்க இறங்கத் தண்ணீர் ஏறுகிறது.

தூங்கு என்று எழுதினேனே. கடவுளே.

போ.


ஆகஸ்ட் 19

குட்டி,

பாலத்தில் இரண்டு நாள் பேருந்திலேயே உட்கார்ந்திருந்து திரும்பிப் போனாய் என்று உன் அண்ணி சொன்னாள். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று அவள் போனில் சொல்லியிருப்பாள். நீ என்னைக் கேட்டபோது நான் போனை வாங்கவில்லை. கோபமில்லை. பேச வரவில்லை, அவ்வளவுதான். இங்கே பள்ளிக்கூடக் கூடத்தில் பெஞ்சை மேஜையாக வைத்து எழுதுகிறேன். நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

வேன்காரர் நனைந்த கடிதத்தைக் கொண்டுவந்தபோது மதியம். நான் மீதியைப் படிக்கவில்லை. சந்துக்குள் ஓடினேன். சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று அடியில் வரிசையாக ஓட்டைகள் உண்டு, நீ பார்த்திருப்பாய். அத்தனை நாள் மழையில் அந்த ஓட்டைகளில் ஒரு சொட்டு வடியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டு நின்ற இடம், ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் மண் அடைத்திருந்தது. டேப்பைக் கிழித்தேன். ஜெல் அழுத குழந்தையின் உதடு மாதிரி உப்பியிருந்தது. விரிசலில் என் கட்டைவிரல் நுழைந்தது.

அப்போது வந்த பயம் நான் அறியாதது. மழை இரைச்சலில் கத்தினால் யாருக்கும் கேட்காது. மாடிப்படிக் கம்பியில் சுத்தியலால் அடித்தேன். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வெளியே வந்தார்கள். உன் அண்ணி வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்கள், ஆனாலும் வந்துவிட்டார்கள்.

தையல்காரர் மட்டும் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அன்னைக்கு நீதானே வந்து, பயமில்ல வாங்கன்னு கூட்டிட்டு வந்த?" என்றார்.

"ஆமா. நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்றது தப்பா இருந்தா?"

மழையில் அப்படியே நின்றேன். உள்ளே கட்டிலிலிருந்து அவர் மனைவிதான் பேசினார்.

"அவன் மூஞ்சியப் பாருங்க. என்னத் தூக்குங்க."

கட்டில் கதவில் நுழையவில்லை. விரிப்போடு சேர்த்து நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினோம். அந்த அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், கத்தவில்லை. தெருமுனைக்குக் கொண்டுபோய்த் திரும்பிப் பார்த்தால் தையல்காரர் எங்களோடு இல்லை. வாசலுக்குத் திரும்பிப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டில் சாவி திரும்பவில்லை, திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறார். நான் கூப்பிட்டேன். "வந்துட்டேன் வந்துட்டேன்" என்றார்.

பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. யாரோ பெருமூச்சு விடுவது மாதிரிதான் இருந்தது. பிறகு அவர் வீடு இல்லை. என் வீட்டில் பாதி இல்லை. பின்னறை இருந்த இடத்தில் சேறு ஜன்னல் உயரத்துக்கு நின்றது. கம்பி மட்டும் அப்படியே நின்றது.

வாசல் நிலைக்கட்டைக்கு அடியிலிருந்து அவரை இழுத்தோம். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் மெஷின் பெடலை மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணைத் திறந்து பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்லி வந்தோம். நீ சொல்லிப் போனோம். இனிமே எங்கிட்ட எதையும் சொல்லாத."

அண்ணன்


ஆகஸ்ட் 28

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கால் உன் கணக்கில் இல்லை. என் கணக்கில்தான் இருக்கிறது. இறங்கினால் தூங்கு என்று எழுதிய கை என்னுடையது.

இங்கே நடப்பதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். துறைத் தலைவர் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். "சுவர் விழுமுன் சொன்ன ஜெல்" என்று படத்தோடு வந்துவிட்டது. படத்தில் நானும் இருக்கிறேன், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு. அது பழைய படம். சுரங்கத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் பாட்டில் கேட்டு எழுதுகிறார்கள். அணைக்கட்டு அண்ணா! இருபத்திநாலு மணி நேரமும் ஈரம்!

நான் அவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கேட்டுக்கொண்டார். பிறகு, "எண் மாறிச்சு இல்ல? மாறினதாலதானே நீங்க யோசிச்சீங்க? அப்போ அது எச்சரிக்கைதானே?" என்றார். வார்த்தைக்கு வார்த்தை அவர் சொல்வது சரி. ஆனால் தண்ணீர் புகாமல் பின்பக்கமும் உறை போட்டு, ஈரத்தைத் தனியாக அளக்க இன்னொரு பட்டை வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கச் சோதிக்காமல் ஒரு பாட்டிலும் வெளியே போகக் கூடாது என்றேன். "அதுக்குள்ள வேற யாராவது பண்ணிடுவாங்க" என்றார்.

சுவர் விழுந்ததைப் பற்றி உங்கள் ஊரில் நடக்கப்போகும் விசாரணைக்கு அவர்தான் வருகிறார். என்னை வர வேண்டாம் என்றார். வந்து மறுத்துப் பேசினால் அதற்குப் பிறகு இந்த ஆய்வகத்தில் எனக்கு இடம் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. என் குறிப்பை மட்டும் கையெழுத்துப் போட்டு விசாரணை அலுவலகத்துக்கு நேராக அனுப்பிவிட்டேன். அதை அவர்கள் படிப்பார்களா என்றும் பயம், படித்துவிடுவார்களோ என்றும் பயம்.

இன்று ஒரு கலவை போட்டேன். கண் முன்னால் சட்டென்று உறைந்தது. முன்பெல்லாம் அந்த நொடிக்காகத்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போவேன். இன்று கை பின்னால் போய்விட்டது.

உன் தங்கை


செப்டம்பர் 11

குட்டி,

விசாரணை முடிந்தது. நகராட்சி அலுவலகத்தின் பழைய அறை ஒன்றில் நடந்தது. வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம். உங்கள் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார், உன்னைப் பற்றிப் பெருமையாகவும் பேசினார். தையல்காரரை அவர் மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உன் குறிப்பைப் படித்திருக்கிறார்கள். அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்டார்: "இந்தக் கருவி உங்களை எச்சரித்ததா?"

எழுந்து நின்றேன். இதுதான் உன் வேலையைத் தீர்மானிக்கப் போகிறது என்று தெரியும். அதனால் உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டுவதானால் திட்டிக்கொள்.

"மொதல்ல எச்சரிச்சுது சார். மழை வந்தப்ப இல்ல. அப்ப எறங்கிச்சு. எறங்குறதப் பாத்து நான்தான் இவங்களத் திரும்பக் கூட்டிட்டு வந்தேன். அது ஏன் எறங்குதுன்னு எந்தங்கச்சிதான் யோசிச்சா. ஜெல்லு யோசிக்கல."

யாரோ சிரித்தார்கள். உங்கள் தலைவர் சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார், பிறகு எழுதியதை அடித்தார். அணைக்கட்டுக்கும் சுரங்கத்துக்கும் இப்போதைக்கு அனுப்பக் கூடாது என்று அதிகாரி குறிப்பு வைத்தார். ஓட்டைகளைத் தூர்வாராமல் விட்டது யார் என்று அடுத்து நகராட்சிக்காரர்களைக் கேட்க ஆரம்பித்தார். குடைக்காம்பு ஆளின் முகம் சுண்டிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது.

கூரையில் ஒரே அடியாகக் கொட்டிற்று. பேச்சு நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வரிசை வீட்டு ஆட்கள், உன் அண்ணி, அவள் மடியில் வாண்டு, எல்லோரும் சுவரையே பார்த்தோம். சாதாரண அறைச்சுவர், சுண்ணாம்பு அடித்தது, பின்னால் தெருதான் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தோம். அதிகாரிகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரர் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலைத் துழாவுகிறார், அது கீழே விழுந்து உருண்டு போய்விட்டது. மகள் வெளியே போயிருந்தாள். அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன்.

நான் எழுந்து போனேன். எதுவும் சொல்லவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவரோடு சேர்த்து, தரையில் கிறீச்சிட அறையின் நடுவுக்கு இழுத்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து கொடுத்தார், இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று.

மழை விடும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.

அண்ணன்